பழைய மாட்டுக்கொட்டகைக்குள் வெயில்: சூரியனிடமிருந்து சூடும் வெளிச்சமும் பெறுவது எப்படி?

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம். வீட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் நாற்பது படி இறங்கினால் ஒரு மாட்டுக்கொட்டகை. கல்லும் மண்ணும் வைத்து ஒன்றரை அடி கனத்தில் எழுப்பிய சுவர், மேலே தகரம், பத்தடி அகலம், பதினாலடி நீளம். கடைசி மாட்டையும் கொடுத்துவிட்ட பிறகு அங்கே விறகும் உரமூட்டையும்தான் கிடந்தன. அப்பா உட்கார்ந்து படிக்கவும் படுக்கவும் அதை ஓர் அறையாக்கலாம் என்று முடிவெடுத்தோம். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "மேல நாலு சோலார் பேனல் போட்டு, உள்ள ஒரு ரூம் ஹீட்டர் வெச்சுடுங்க, முடிஞ்சுது."

அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. வெளிச்சம் தருவது ஒன்று, சூடு தருவது இன்னொன்று. இரண்டுக்கும் சூரியனையே நம்பலாம். ஆனால் ஒரே வழியில் அல்ல. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். பிரிக்காமல் இறங்கினால் பேட்டரி வாங்கியே ஓய்ந்துபோவோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வாட் என்பது குழாயிலிருந்து தண்ணீர் விழும் வேகம் மாதிரி. வாட்-அவர் என்பது குடத்தில் நிறைந்த தண்ணீர். 9 வாட் எல்இடி பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 9 வாட்-அவர். ஆயிரம் வாட்-அவர் சேர்ந்தால் மின்கட்டண அட்டையில் வரும் 1 யூனிட்.

எங்கள் அறைக்கு வேண்டிய வெளிச்சம் இவ்வளவுதான்: 9 வாட் பல்பு இரண்டு, மாலையில் ஐந்து மணி நேரம். அது 90. படிக்கும் விளக்கு 5 வாட், நாலு மணி நேரம். அது 20. படியில் ஒரு விளக்கு, அதற்கும் 20. இரண்டு போன் சார்ஜ் செய்ய 30. ஒரு சின்ன ரேடியோவையும் சேர்த்தாலும் 190 வாட்-அவரைத் தாண்டாது. கால் யூனிட்கூட இல்லை.

இப்போது ஹீட்டர். சாதாரண ரூம் ஹீட்டர் 1000 வாட். மாலையில் நாலு மணி நேரம் ஓடினால் 4000 வாட்-அவர், அதாவது 4 யூனிட். வெளிச்சத்தைப் போல இருபது மடங்கு. இதைப் பேனலிலிருந்து எடுக்க ஏறக்குறைய 1400 வாட் பேனல் வேண்டும். வெயில் போன பிறகுதானே ஹீட்டர் போடுவோம்? ஆகவே அந்த 4 யூனிட்டையும் பிடித்து வைக்கும் அளவுக்குப் பெரிய பேட்டரியும் வேண்டும். ஒரு மாட்டுக்கொட்டகைக்கு இது தகாத செலவு.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல பேனலே தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. அதே வெயில் ஒரு கண்ணாடி வழியே வந்து கறுப்புக் கல்லில் விழுந்தால் பெரும்பகுதி அப்படியே சூடாகிவிடும். சூடுதான் வேண்டும் என்றால் அதை மின்சாரமாக்கி, பேட்டரியில் அடைத்து, திரும்பவும் சூடாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். வெளிச்சத்துக்கு மின்சாரம், குளிருக்கு நேர் வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஓட்டையை அடைப்பது

சூடு வாங்குவதற்கு முன் இருக்கிற சூடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே ஏறக்குறைய 100 வாட் சூட்டை அறைக்குத் தருகிறது. அதைக்கூடத் தக்கவைக்காத அறையில் ஹீட்டர் வைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

பெரிய ஓட்டை கூரை. வெறும் தகரம் சூட்டைத் துளியும் தடுக்காது. எங்கள் கூரை 13 சதுர மீட்டர். உள்ளே வெளியே 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் அந்தத் தகரம் வழியாக மட்டும் ஏறக்குறைய 900 வாட் போய்விடும். ஒரு ஹீட்டர் முழுக்க வானத்துக்குத்தான் எரியும். தகரத்துக்குக் கீழே 5 செ.மீ ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பஞ்சு) வைத்து, அதற்கும் கீழே பலகை அடித்தால் அதே இழப்பு 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். நாங்கள் செய்த வேலைகளில் கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை. தெர்மாகோல் மலிவு, ஆனால் தீப்பிடித்தால் உருகிச் சொட்டி நச்சுப்புகை விடும், எலியும் குடையும். வேறு வழியில்லாமல் அதை வைத்தாலும் வெளியே தெரியும்படி விடக்கூடாது, ஜிப்சம் பலகையால் மூடிவிட வேண்டும்.

ராக்வூலைத் தகரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, இரு ஓரத்திலும் காற்று போய்வர வழி வையுங்கள். அறையில் நாம் விடும் மூச்சின் ஈரம் மேலே ஏறிக் குளிர்ந்த தகரத்தில் நீராகக் கோர்க்கும். அந்த நீர் ராக்வூலில் சொட்டினால் அது நனைந்த கம்பளிதான், குளிரைத் தடுக்காது.

ஈரம் என்றதும் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற கொட்டகைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பல வருடம் மாட்டு மூத்திரம் ஊறிய தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் உப்பு ஏறியிருக்கும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் ஆறே மாதத்தில் பூச்சு வெள்ளையாகப் பூத்து உதிரும். நாங்கள் முதலில் கூரையை முடித்துவிட்டுத் தரைக்கு வந்தோம். அது தவறு. தரையை வெட்டியபோது கிளம்பிய ஈரம் புதுச் சீலிங் பலகையில் ஏறிப் பூஞ்சை பிடித்தது. முதலில் தரைக்குப் போங்கள். பழைய மண்ணை ஓரடி ஆழம் வெட்டி அப்புறப்படுத்தி, ஜல்லி பரப்பி, மேலே கனமான பாலிதீன் ஷீட் விரித்து, பிறகு கான்கிரீட். சுவரின் அடிப்பக்கப் பூச்சை உரித்துவிட்டு ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் நல்லது, உள்ளிருக்கும் ஈரத்தை அது வெளியே போக விடும். ஈரச்சுவரை எந்த வெயிலாலும் சூடாக்க முடியாது. வாங்கும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும்.

அடுத்தது கதவிடுக்கும் ஜன்னல் சந்தும். ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மலையில் கணப்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சந்துகளை அடைத்த அறையில் அது எமன். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, புகை இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். மலை ஊர்களில் இப்படி உயிர் போன செய்தி குளிர்காலத்தில் வரத்தான் செய்கிறது. அப்பாவும் வருடக்கணக்காகக் கணப்புச் சட்டியோடுதான் தூங்கினார். இந்த அறையை நாங்கள் கட்டியதற்கு அதுவே முதல் காரணம். சந்தை அடைத்தாலும் ஒரு சின்னக் காற்றுத் துளையை விடுங்கள். கரி மட்டும் உள்ளே வரவே கூடாது.

சூரியன் எந்தப் பக்கம்?

சூட்டுக்கு வெயிலை நம்புகிறோம் என்றால் அது எப்போது எங்கே நிற்கும் என்று தெரிந்தாக வேண்டும். நீலகிரி ஏறக்குறைய 11.4 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் 23 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். டிசம்பரிலோ தெற்கே இறங்கி, நண்பகலில் 55 டிகிரி உயரத்தில் நிற்கும்.

ஆகவே தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் குளிர்காலத்தில் வெயில் தானாக உள்ளே வரும். வெயில் வேண்டாத மே மாதத்தில் நண்பகல் வெயில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. திறந்து மூட ஆள் வேண்டாம்.

எங்கள் ஜன்னல் ஐந்தடிக்கு நாலடி, ஏறக்குறைய 2 சதுர மீட்டர். டிசம்பர், ஜனவரி மாதத் தெளிந்த நாளில் தெற்கு பார்த்த கண்ணாடி வழியே சதுர மீட்டருக்கு 2 யூனிட் அளவுக்கு வெயில் உள்ளே வருவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு சதுர மீட்டருக்கு 4 யூனிட். ரூம் ஹீட்டரை நாலு மணி நேரம் ஓட்டினால் வரும் அதே சூடு; பேட்டரியும் இல்லை, பேனலும் இல்லை. பழைய கல்சுவரில் ஜன்னலுக்கு இடம் உடைப்பது மட்டும் விவரம் தெரிந்த கொத்தனார் செய்ய வேண்டிய வேலை. மேலே முட்டுக் கொடுத்து, சுமையைத் தாங்கும் குறுக்குக் கட்டையான லின்டலை ஏற்றாமல் மண்சாந்துச் சுவரைத் தொட்டால் மேல்வரிசைக் கல் சரிந்துவிடும்.

உள்ளே வந்த வெயிலை எங்கே வைப்பது? பகலில் அறை கொதித்து இரவில் ஜில்லிட்டால் பயனில்லை. கனமான பொருள்தான் சூட்டைப் பிடித்து வைக்கும். 55 டிகிரி உயரத்தில் சூரியன் நிற்கும்போது ஏழடி உயரத்தில் முடியும் ஜன்னல் வழியே வெயில் ஏறக்குறைய ஐந்தடி தூரம் உள்ளே விழுகிறது. அந்த ஐந்தடியில் கறுப்புக் கடப்பா கல் பதித்தோம். கீழே கான்கிரீட்டோடு சேர்த்து மூன்று அங்குலத்துக்கு மேல் கனம். அந்தத் தரை 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 யூனிட் உள்ளே சேர்ந்திருக்கும். அதன்மேல் பாய் விரித்து மூடிவிடாதீர்கள். தரையை மாற்ற முடியாதவர்கள் ஜன்னலோரம் 200 லிட்டர் டிரம் ஒன்றைக் கறுப்புப் பெயின்ட் அடித்துத் தண்ணீர் நிரப்பி வைக்கலாம். 10 டிகிரி ஏறினால் அதுவும் 2 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும். கல்லைவிடத் தண்ணீர் அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

பகலில் சூட்டைத் தரும் கண்ணாடியே இரவில் அதை வாரிக் கொடுத்துவிடும். வெயில் இறங்கிய உடனே கனமான திரை போட வேண்டும். நாங்கள் ஒரு பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துக் கம்பியில் மாட்டியிருக்கிறோம், அடி தரையைத் தொடும்படி. மாலை ஐந்து மணிக்கு அப்பா அதை இழுத்து விடுவார். இது ஒரு நாளும் தவறக்கூடாத வேலை.

இந்த அறைக்குப் பழைய கல்சுவர் பெரிய சொத்து. உதகையில் ஜனவரி மாதம் பகல் உச்சம் 20 டிகிரிப் பக்கம், அதிகாலை 5, 6 டிகிரி. கனமான சுவர் இந்த இரண்டையும் தனக்குள் வாங்கிச் சராசரியாக்கிவிடும். அதிகாலையின் கடுங்குளிர் அப்படியே உள்ளே வராது. ஜன்னல் வெயிலும் உடம்புச் சூடும் சேர்ந்து அந்தச் சராசரிக்கு மேலே சில டிகிரி ஏற்றிக் கொடுக்கின்றன. வெயிலே படாத வடக்குச் சுவரில் மட்டும் உள்பக்கமாக ராக்வூலும் பலகையும் அடித்து, அதை ஒட்டி அப்பாவின் புத்தக அலமாரியை நிறுத்தினோம்.

சுவரையே அடுப்பாக்கலாம்

தெற்குச் சுவரில் ஜன்னல் போக மீதி இடம் இருக்குமே, அதையும் வீணாக்க வேண்டாம். வெளிப்பக்கம் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்து, நாலு அங்குலம் தள்ளிச் சட்டம் வைத்துக் கண்ணாடி மாட்டினால் போதும். வெயில் கண்ணாடியைத் தாண்டிக் கறுப்புச் சுவரில் விழுந்து சூடாகிறது. அந்தச் சூடு கண்ணாடி வழியே எளிதில் திரும்பிப் போக முடியாமல் சுவருக்குள் மெல்ல நகர்கிறது. ஒன்றரை அடிக் கல்லைக் கடந்து உள்பக்கம் வர நள்ளிரவு தாண்டிவிடும். நமக்குச் சூடு வேண்டிய நேரமும் அதுதானே!

இதை டிராம்ப் சுவர் என்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்வர்ட் மோர்ஸ் என்பவர் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு பிரான்ஸின் பிரனீஸ் மலையில் ஓடியோ என்ற ஊரில் ஃபெலிக்ஸ் டிராம்ப், கட்டிடக் கலைஞர் ஜாக் மிஷேலுடன் சேர்ந்து 1967-இல் இப்படி ஒரு வீடு கட்டினார்; பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. லடாக்கில் இப்போது பல வீடுகளிலும் பள்ளிகளிலும் இந்த முறை இருக்கிறது. லே நகருக்கு அருகே ஃபே என்ற ஊரில் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் தொடங்கிய செக்மோல் பள்ளி வளாகம், உறைநிலைக்கு வெகு கீழே போகும் குளிர்காலத்தை மண்சுவரையும் தெற்கு வெயிலையும் வைத்தே சமாளிக்கிறது. அங்கே டிசம்பர் நண்பகல் சூரியன் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. சுவரில் நேராக அடிக்கும். நமக்கு 55 டிகிரி என்பதால் சுவரில் விழும் வெயில் அவ்வளவு வலுவாக இருக்காது. ஆனால் நம் குளிரும் அவ்வளவு கடுமை இல்லை. புதிதாகச் சுவர் கட்டி இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கனமான கல்சுவர் ஏற்கெனவே நிற்கிறதென்றால் செய்யாமல் விடுவது தவறு.

இனி வெளிச்சம்

சூட்டுச் சுமையை மின்சாரத்திடமிருந்து எடுத்துவிட்டதால் வெளிச்சத்துக்கு வேண்டியது மிகச் சிறிய அமைப்புதான்: ஒரு பேனல், பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு பேட்டரி, சில 12 வோல்ட் டிசி பல்புகள். டிசியை 230 வோல்ட் வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரே தேவையில்லை. சும்மா இருக்கும்போதும் அது கொஞ்சம் மின்சாரம் தின்னும்.

நல்ல வெயில் நாளுக்கு நாலு மணி நேர முழு வெயில் என்று கணக்கு போட்டு, கம்பியிலும் பேட்டரியிலும் போகும் இழப்புக்கு முப்பது சதவீதம் கழித்தால், 100 வாட் பேனல் 280 வாட்-அவர் தரும். நமக்கு வேண்டியது 190. ஆனால் மூட்டம் போட்ட நாளில் இதில் பாதிகூட வராது. அதனால் 200 வாட்டாக வாங்கினோம். தெற்கு பார்த்து 15 டிகிரி சாய்வு. சாய்வு பத்துக்குக் குறைந்தால் மழைத்தண்ணீர் தூசியை அடித்துப் போகாமல் பேனலிலேயே தேங்கும்.

நிழலை விடக் கெடுதி பேனலுக்கு வேறில்லை. உள்ளே செல்கள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒரு மூலையில் சில்வர் ஓக் கிளையின் நிழல் விழுந்தால் அந்த மூலை மட்டுமல்ல, பேனலின் பெரும்பகுதியே படுத்துவிடும். அதற்காக மரத்தில் கை வைக்காதீர்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதலே இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பேனலைப் பத்தடி தள்ளி நடுவது சுலபம்.

பேட்டரியில் இரண்டு வகை. ஈய-அமில பேட்டரி விலை குறைவு. ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும் என்பதால் படுக்கும் அறையில் வைக்கக்கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் விலை கூடுதல், எண்பது சதவீதம் வரை பயன்படுத்தலாம். 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 640 வாட்-அவர் இருக்கும்; எடுக்கக்கூடியது 512. வெயிலே இல்லாமல் இரண்டரை நாள் ஓடும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். உறைபனி விழும் ஊர்களில் இதை வெளித்திண்ணையில் வைக்காமல் அறைக்குள்ளேயே வையுங்கள்.

கம்பியில் ஏமாந்துவிடாதீர்கள். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ கம்பியையே இழுத்துவிட்டுப் போனார். 230 வோல்ட்டில் அது போதும். 12 வோல்ட்டில் அப்படியல்ல. பத்து மீட்டர் தூரத்துக்கு 5 ஆம்பியர் போனால் அந்தக் கம்பியிலேயே 1.2 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு தொலைந்துவிடும். படி விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. 4 சதுர மி.மீ கம்பியாக மாற்றியபின் சரியாயிற்று. பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃப்யூஸ் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஷார்ட் ஆனால் அதே பேட்டரி கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

எந்தக் காலத்தில் எவ்வளவு?

மலையில் கடுங்குளிர் இரண்டு விதமாக வரும். டிசம்பர், ஜனவரியில் நீர்ப்பனி கொட்டி, பிறகு உறைபனி விழுவது மேகமில்லாத இரவுகளில். தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போவதால்தான் அந்தக் குளிர். அப்படிப்பட்ட இரவுக்கு அடுத்த பகல் பெரும்பாலும் பளிச்சென்று விடியும். அதாவது சூடு அதிகம் வேண்டிய நாட்களிலேயே வெயிலும் கிடைக்கிறது. இந்த முறை நம் மலைக்குப் பொருந்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இன்னொன்று மழைக்குளிர். உதகை, கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் மூட்டம் விலகாது. தொட்டபெட்டா தொடர் மறைப்பதால் கோத்தகிரிக்கு அந்த மழை குறைவு. எங்களுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. அந்த நாட்களில் ஜன்னலும் கறுப்புச் சுவரும் ஒன்றும் தராது. கூரையிலும் வடக்குச் சுவரிலும் அடித்த ராக்வூலும் காய்ந்த தரையும்தான் காப்பாற்றும். அப்பாவின் போர்வைக்குள் ஒரு வெந்நீர்ப் பையும் போகும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு கொட்டகை இருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மலைப்பகுதிக் கட்டிட விதிகள் கடுமையானவை. கொட்டகையைக் குடியிருக்கும் அறையாக மாற்றலாமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு டிசம்பர் கடைசியில் ஒரு தெளிந்த நாள், காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று மணி என மூன்று தடவை தெற்குச் சுவர் முன்னால் போய் நில்லுங்கள். நிழல் எதன் நிழல், எவ்வளவு நேரம் என்று சுவரிலேயே சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். ஜன்னல் எங்கே, கறுப்புச் சுவர் எங்கே, பேனல் எங்கே என்று கொத்தனாரிடம் காட்ட அந்தக் கோடுகள் போதும்.